கியர்பாக்ஸில் ஒரு பல்

விளாங்குடி தமிழ்வாணி அந்த அரிசி ஆலையில் மின்பராமரிப்பு வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம். எந்திரத்தைத் தொடாமலே அதன் கோளாறைச் சொல்லிவிடுவார். மோட்டாருக்குப் போகும் வயரில் கரண்டை அளக்கும் கிளாம்பை மாட்டி, கரண்டின் அலையை லேப்டாப்பில் விரித்துப் பார்ப்பார். மோட்டார் சுழற்றும் எந்திரம் எங்கே இடறினாலும், அந்த இடறல் கரண்டிலும் லேசாகத் தெரியும்.

புரட்டாசியில் ஒருநாள், நெல்லை மாடிக்குத் தூக்கும் எலிவேட்டரின் கரண்டில் அப்படியொன்று தெரிந்தது. கியர்பாக்ஸின் பெரிய சக்கரம் ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை துள்ளியது. பல் ஒன்று விரிசல் விட்டுக்கொண்டிருந்தது.

ஃபிட்டர் கருத்தக்கண்ணன் திருப்புளியைக் கியர்பாக்ஸில் ஊன்றிக் காதை வைத்துக் கேட்டார். முப்பது வருஷமாக ஆலை நம்பிய காது.

"கல்லு மாதிரி ஓடுது. ரூமுக்குள்ள உக்காந்துக்கிட்டு இதுக்குப் பல்லுவலிங்கிறியேம்மா!"

"அண்ணே, ஒரு மணி நேரம் நிப்பாட்டித் திறந்து பாத்துருவோமே."

முதலாளி அருள்பாண்டி ஒத்துக்கொள்ளவில்லை. "அம்புட்டு லோடு வெளிய நிக்கிது. ஓடுறத எதுக்கும்மா நிப்பாட்டணும்?"

அதற்குப்பின் பத்து நாள் தமிழ்வாணிக்கு நிம்மதியில்லை. துள்ளல் தினமும் கொஞ்சம் கூடியது. எலிவேட்டருக்கடியில் யாராவது நின்றால், ஏதாவது வேலை சொல்லி நகர்த்திவிடுவார்.

ஆயுத பூசைக்கு முதல்நாள் எந்திரங்களை நிறுத்திக் கழுவினார்கள். கியர்பாக்ஸின் பழைய எண்ணெயை இறக்கியபோது, விரல் கனத்தில் ஓர் இரும்புத் துண்டு தட்டில் விழுந்தது. திறந்து பார்த்தால் ஒரு பல் போயிருந்தது. பக்கத்துப் பல்லிலும் விரிசல்.

அருள்பாண்டி கன்னத்தில் போட்டுக்கொண்டார். "பூசை நேரத்துல ஆத்தாவே காட்டிக்குடுத்துட்டா பாத்தியா!"

"சார், நான் பத்து நாளாச் சொல்லிக்கிட்டு..."

"உனக்கும் அவதாம்மா காட்டிருக்கா."

கருத்தக்கண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மறுநாள் எலிவேட்டருக்கு மட்டும் ரெட்டை மாலை. தமிழ்வாணிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. வீட்டுக்குத் திரும்பும்போது, ஆரப்பாளையத்தில் பஸ் மாறும்வரை யோசித்துக்கொண்டே போனார்.

மாசியில் உமி ஊதும் விசிறியின் பேரிங் கெடத் தொடங்கியது. இந்த முறை கரண்டைப் பற்றி அவர் ஒரு வரிகூட எழுதவில்லை. 'வரும் அமாவாசைக்கு விசிறியைக் கழற்றிச் சுத்தம்செய்து, பூசை போட்டால் நல்லது' என்று எழுதிக் கொடுத்தார். முதலாளி முழுதாகப் படிக்கும் முன்பே கையெழுத்துப் போட்டார். கழற்றியபோது பேரிங் சிதைந்து கிடந்தது.

அந்த வருஷம் ஆலையில் ஒருவருக்குத்தான் சம்பளம் கூடியது. காரணத்தை அருள்பாண்டி எல்லார் முன்னாலும் சொன்னார்: "படிச்ச பிள்ளைதான், ஆனா எம்புட்டு பக்தி!"