மந்திரி மிதித்த புல்

எங்கள் தெருவில் ஒரு டீச்சர் இருந்தார். ஒல்லியான உருவம், கஞ்சி போட்ட வெள்ளைச் சேலை. எதையும் தூக்கி எறியமாட்டார். கிழிந்த குடைத்துணியில்கூடப் பை தைத்துவிடுவார்.

தண்ணீர்ப் பஞ்சத்தைப் பார்வையிட மந்திரி திண்டுக்கல் வந்தபோது, காய்ந்து கிடந்த பூங்காவில் பச்சைச் சாயம் போட்ட தென்னை நார்ப் பாய்களைப் புல்லாக விரித்து மானத்தைக் காப்பாற்றினார்கள். மந்திரிக்கு ஒரே சந்தோஷம். "இவ்வளவு பசுமையா இருக்கே, பஞ்சம் எங்கே?" என்று கேட்டுவிட்டுப் போனார். தெருக்குழாய் கேட்டு நாங்கள் கொடுத்த மனு அதோடு செத்தது.

குப்பைக்குப் போன பாய்களை டீச்சர் வண்டி வைத்து அள்ளிவந்தார். கோழிக்கூட்டில் ஒன்று, ஜன்னல் வெயிலுக்கு ஒன்று, வாசலில் மிதியடியாக ஒன்று.

"சாயம் ஒட்டுமே டீச்சர்," என்றேன்.

"ஒட்டட்டும்ப்பா. இந்த ஊர்ல வேற எது பச்சையா இருக்கு?"

ஒருநாள், முன்பே சொல்லி அனுப்பிவிட்டுச் சுகாதார அதிகாரி வீடுகளில் சுத்தம் பார்க்க வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, நனைந்திருந்த மிதியடியில் ஏறினார். உள்ளங்கால் இரண்டும் பச்சையாகிவிட்டன.

"கால் கழுவக் கொஞ்சம் தண்ணி குடுங்கம்மா."

"தாரேன்யா. தெருவுக்குக் குழாய் வந்த ஒடனே மொதச் செம்பு உங்களுக்குத்தான்," என்றார் டீச்சர், சிரிக்காமல்.

செருப்பைக் கையில் பிடித்தபடி அதிகாரி கடைவீதி வழியே நடந்து போனார். குடிக்கவே தண்ணீருக்கு அலைந்த நாளில், ஒரு குடத்தை ஏன் அந்த மிதியடியில் கொட்டினார் என்று டீச்சரிடம் கேட்க எனக்குக் கடைசிவரை தைரியம் வரவில்லை.