நீயே போட்டுடு தம்பி

போன வாரம் ஒரு காலை. ஆபீஸ் கிளம்பும் அவசரத்தில் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன். எதிர் வீட்டு லூர்து அக்கா ஒரு தாளை நீட்டினார். பின்னால் அவர் மகள் ஸ்டெல்லா, யூனிஃபார்மில்.

“நாளைக்கு ஸ்கூல்ல ஊசியாம். இதுல ஒரு கையெழுத்து நீயே போட்டுடு தம்பி.”

திருவொற்றியூரில் எங்கள் தெருவில் இது வழக்கம்தான். ரேஷன், பேங்க், ஸ்கூல் — எந்தத் தாள் வந்தாலும் என்னிடம் வரும். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். படித்துச் சொல்வது, நிரப்பித் தருவது, சில சமயம் அவர்கள் பேரில் கையெழுத்தும் போடுவது... எல்லாம் என் வேலை.

வாங்கிப் பார்த்தேன். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ரண ஜன்னி, தொண்டை அடைப்பான் தடுப்பூசி. கீழே ‘பெற்றோர் கையொப்பம்’ என்று ஒரு கட்டம். பைக் சீட்டின் மேல் தாளை வைத்துப் பேனாவையும் திறந்துவிட்டேன்.

“அம்மாதான் போடணும்னு டீச்சர் சொன்னாங்க” என்றாள் ஸ்டெல்லா.

“அடங்குடி. அண்ணன் போட்டா இன்னா, நான் போட்டா இன்னா?”

“உனக்குத்தான் பேரு எழுதத் தெரியும்ல? பேங்க்ல போட்டியே.”

அக்கா, இறால் உரித்து உரித்து வெளுத்துப்போன விரல்களைப் புடவையில் துடைத்துக்கொண்டார்.

“நான் போட்டா நான் ஒத்துக்கினேன்னு ஆவும் தம்பி. இதுக்கு வீசிங் கீது. போன மாசம் காத்துல அந்தக் கம்பெனி கேஸ் நாத்தம் வந்தப்போ மூச்சு உட முடியாம ஆஸ்பத்திரில கெடந்துச்சு. ஊசி போட்டு இன்னானா ஆச்சுன்னா நான் யார்கிட்ட போய் நிப்பேன்?”

அப்போதுதான் புரிந்தது — என் பேனாவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளப் பார்க்கிறார்.

நான் என்ன செய்தேன்? படித்தவன் செய்வதைத்தான் செய்தேன். தடுப்பூசி ஏன் அவசியம் என்று ஒரு சொற்பொழிவு. அக்கா முழுசாகக் கேட்டார்.

“அதெல்லாம் சரி. வீசிங் கீற புள்ளைக்குப் போடலாமா? அத்தச் சொல்லு.”

எனக்குத் தெரியவில்லை.

அவர் கணவருக்கு போன் போட்டோம். கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர். ஹார்பர் வரிசையில் நின்றுகொண்டிருந்தார். “அந்தத் தம்பி கையில குடு. அவரு கரெக்டா போட்டுடுவாரு” என்று சொல்லி வைத்துவிட்டார். பாருங்கள், என் புகழை!

வேறு வழி? பேனாவை மூடினேன். மூன்று பேரும் பக்கத்திலுள்ள சுகாதார நிலையத்துக்கு நடந்தோம்.

நர்ஸம்மா சலிக்காமல் கேட்டார். இப்போது இளைப்பு இருக்கிறதா? முன்பு போட்ட ஊசிகளுக்கு ஏதாவது ஆனதா? இல்லை, இல்லை.

“வீசிங் இருந்தாலும் போடலாம்மா. நாளைக்கு ஸ்கூலுக்கு நாங்கதான் வருவோம். காய்ச்சலோ மூச்சுத் திணறலோ இருந்தா சொல்லுங்க, தள்ளிப் போட்டுக்கலாம். சாப்பிட வெச்சு அனுப்புங்க. கை வலிக்கும், லேசா காய்ச்சல் வரலாம். போட்டப்புறம் அரை மணி நேரம் உக்கார வெச்சுப் பாப்போம்.”

“நானும் கூட உக்காரலாமா?”

“வாங்களேன்.”

அக்கா என் பேனாவைக் கேட்டு வாங்கினார். மேஜையில் குனிந்து, ஒவ்வோர் எழுத்தாக.

“அம்மா, கட்டத்துக்கு வெளிய போவுது.”

“போனா போவட்டும். என் பேரு பெருசு.”

பார்த்துக்கொண்டு நின்ற எனக்குப் பொறாமையாக இருந்தது. யார் மேல்? அந்தப் பத்து வயதுப் பெண் மேல்.

என் அப்பா ஹார்பரில் மூட்டை தூக்கியவர். ஆறாம் வகுப்பில் ரேங்க் கார்டை நீட்டினேன். “நீயே போட்டுக்கோ நைனா, உனக்குத்தான் எழுத வருதே” என்றார். அன்றிலிருந்து அப்பா கையெழுத்து என்னுடையது. ஒரு வளைவு, அடியில் ஒரு கோடு — நானாக உண்டாக்கியது. பத்தாவதில் ஊசிக்கான தாள் வந்தபோதும் வகுப்பிலேயே, பெஞ்சில் வைத்தே போட்டுக் கொடுத்துவிட்டேன்.

ஊசி போட்ட அன்று சாயங்காலம் கை வலியில் சட்டையைக் கழற்ற முடியவில்லை. அப்பா பார்த்துவிட்டார்.

“இன்னாடா கையில?”

“ஸ்கூல்ல ஊசி போட்டாங்க.”

“யாரக் கேட்டுப் போட்டானுங்க?”

“உன்னக் கேட்டுத்தான். உன் கையெழுத்து கீதே” என்று சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை.

“நான் எப்படா சரின்னேன்?”

பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, என் சட்டையை அந்தக் கையிலிருந்து மெல்ல உருவினார். மூட்டைக் கொக்கி பிடித்துக் காய்த்துப்போன விரல்கள்... அவ்வளவு மெதுவாக.

அப்பாவுக்குப் படிக்கத்தான் தெரியாது. பயப்படத் தெரியும், கேள்வி கேட்கத் தெரியும். நேரம் மிச்சம் என்று அந்த உரிமையை நான்தான் பிடுங்கிக்கொண்டேன். கேள்வி கேட்கிற பெற்றோரை விவரம் தெரியாதவர்கள் என்கிறோமே... விவரம் தெரிந்த நாம் எத்தனை பேருக்கு அந்தத் தாளை வாசித்துக் காட்டியிருக்கிறோம்? இன்று அப்பா இருந்தால் வரி வரியாக வாசிப்பேன். “இது எதுக்கு, அது எதுக்கு” என்று குடைவார். குடையட்டுமே. ஆபீஸுக்கு லேட்டானால் ஆகட்டுமே.

மறுநாள் லூர்து அக்கா வேலைக்கு அரை நாள் லீவு போட்டு, ஸ்கூலில் மகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஸ்டெல்லாவுக்குக் கை வலி மட்டும்தான். அதையும் தெருவெல்லாம் காட்டிக்கொண்டு திரிந்தாள்.

அப்பாவின் கையெழுத்தை இப்போதும் வளைவு மாறாமல் போடுவேன். அவரைக் கேட்டுவிட்டுப் போடத்தான் வழியில்லை.