ஊதிக்காட்டும் விஸ்வேஸ்வரன்

"மோந்து பாருடா!" என் மூக்குக்கு நேராக ஓர் ஊது ஊதிவிட்டுத்தான் விஸ்வேஸ்வரன் மாமா பாக்டரிக்குக் கிளம்புவார். முதலில் புகையிலை வரும், பின்னாலேயே நேற்றைய வெங்காய சாம்பார். "சாராயம் வரதா?" "வரல மாமா." "கேட்டா சாட்சி சொல்லணும்!" சைக்கிளை உருட்டுவார். அடுத்த வாசலில் அடுத்த மூக்கு.

பூனாவை ஒட்டிய கிர்க்கியில் எங்கள் லைன் வீடுகளில் அந்த ஊதலுக்குத் தப்பிய மூக்கு கிடையாது. ஏதோ ஒரு ஹோலிக்கு, மதுவிலக்கை மதிக்காமல், சிநேகிதர்களோடு ஒரு குவளை ஏற்றிவிட்டார். போலீஸ் பிடித்து ஊதச் சொன்னது. ஊதினார். பச்சை வர்ணம் பூசிய உடம்போடு லாக்கப்பில் படுத்தார். அன்றிலிருந்து கேட்டவர், கேட்காதவர் எல்லாரிடமும் இதே கதைதான். "என்னைக் கடிச்ச கொசு தள்ளாடித்து ஓய்!"

சீனாக்காரன் சண்டைக்குப் பிறகு அவருடைய ராணுவப் பாக்டரியில் ரகசிய வரைபடங்களுக்கென்று ஒரு பூட்டிய அறை வந்தது. அங்கே படம் வரைகிற மாமா போட்ட கோடு மயிரிழை பிசகாது. ஆனால் உள்ளே போக, போலீஸ் விசாரித்து 'ஆள் சரி' என்று சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் ஆயுசுக்கும் அடுத்தவன் படத்தை நகலெடுக்க வேண்டியதுதான். அவர் சம்சாரம் ருக்மிணி மாமி வீடு வீடாக ஏறினாள். "ஹோலி சமாசாரத்தை மூச்சு விடப்படாது. அவர் டீகூடத் தொடமாட்டார்னு சொல்லுங்கோ." அந்த வாரம் மட்டும், நிஜமாகவே சாட்சி சொல்ல வேண்டி வருமே என்று, மாமா ஊதியபோது நான் மூக்கைப் பிடித்துக்கொள்ளவில்லை.

வாடகைக்கு வீடு தேடுவதாகச் சொல்லிக்கொண்டு ஓர் இன்ஸ்பெக்டர் வந்தார். வேலூர்ப் பக்கத்து மராட்டியர், தமிழ் பேசினார். சட்டை சாதா, காலில் மட்டும் போலீஸ் பூட்ஸ். டீக்கடை அப்துல் காதரை விசாரித்தார்.

"விஸ்வேஸ்வரனா? டீகூடத் தொடமாட்டாருங்க."

அந்தக் கடை பெஞ்சிலேயே மாமா டீ உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

கிளாஸைக் கீழே வைத்தார். "நான்தான் சார் அது. எல்லாரும் எனக்காகப் பொய் சொல்றா. நான் குடிச்சேன், உள்ள கிடந்தேன்."

"அது ஸ்டேஷன்லயே இருக்கு. என் கவலை வேற. இதை ஊருக்குச் சொல்லிடுவேன், படத்தைக் கொடுன்னு நாளைக்கு ஒருத்தன் மிரட்டினா?"

மாமாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "எந்த ஊருக்கு? காதர் பாய், கொசு என்ன பண்ணித்து?"

அப்துல் காதர் மாமியின் ஜன்னலைப் பார்த்தார். "தள்ளாடிச்சுங்க."

லைனே சிரித்தது. இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. "உங்க வாய்ல எதுவும் நிக்காது போலிருக்கே. ரகசியம் எப்படி நிக்கும்?"

மாமாவின் சிரிப்பு நின்றது. "அது என் மானம் சார். வாரி விடலாம். படம் என்னுதா?"

இன்ஸ்பெக்டர் பூட்ஸ் சத்தத்தோடு கிளம்பிப் போனார். மாமி இரண்டு மாதம் மாமாவோடு பேசவில்லை. அப்புறம் அந்தப் பூட்டிய அறையில் மாமாவுக்கு வேலை கிடைத்தது.

போன வாரம் வாசலில் மடக்கினேன். "மாமா, உள்ள என்ன வரையறேள்? பீரங்கியா? எனக்கு மட்டும் சொல்லுங்கோ."

அவர் வாய் திறந்தது. நாக்கு நுனி துடித்ததைப் பார்த்தேன். என் மூக்குக்கு நேராகக் குனிந்து, நீளமாக ஓர் ஊது ஊதிவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.