கதவைச் சாத்திப் போட்ட கவுன்

நான் பொகவந்தலாவைப் பக்கம் மேல் மலையில் பிறந்தவள். அங்கே மழைக்காலத்தில் கம்பளி போர்த்தாமல் வேலைக்குப் போக முடியாது. என்னைக் கட்டிக்கொடுத்ததோ கினிகத்தேனைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு. அந்த ஊர்ச் சூடு வெறும் வெயில் சூடு இல்லை. மழை விட்டதும் வெயில் அடிக்கும், தகரக் கூரையில் ஆவி பறக்கும், சுவரும் வியர்க்கும். துவைத்த சேலை காயாது. கட்டின சேலையும் காயாது.

தோட்டத்து ஆட்களுக்கு வரிசையாகக் கட்டின லயத்தில் எங்களுக்கு ஒரே ஒரு அறை. அதில் மாமியார், என் வீட்டுக்காரர், கல்யாணம் ஆகாத கொழுந்தன், நான். ஜன்னல் கிடையாது. காற்று என்று ஒன்று வந்தால் வாசல் வழியாகத்தான் வரவேண்டும்.

வயிறு தள்ளியதும் கொழுந்து பறிக்க மலைக்குப் போகாமல் நின்றுவிட்டேன். எனக்குத் தாய் இல்லை, தலைப் பிரசவத்துக்குப் போய் இருக்க இடமும் இல்லை. பகல் முழுக்க அந்த அறைதான். கொசுவம் செருகின இடத்தில் வேர்க்குரு. ரவிக்கை பிடிக்கிற இடமெல்லாம் வேர்க்குரு. சொறிந்து சொறிந்து இரத்தம் வந்தது. உடம்பைப் பிடிக்காத ஓர் உடுப்பு வேண்டும், வேறொன்றும் வேண்டாம் என்றிருந்தது.

எழுத்தை நான் இன்றைக்கும் கூட்டித்தான் படிக்கிறேன். தையல் அப்படி இல்லை. குமரியாக இருந்தபோது தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர் ஐயா வீட்டில் வேலைக்கு நின்று, அந்த அம்மாவிடம் கற்றுக்கொண்டது. என் தையலில் யாரும் குறை கண்டதில்லை.

கினிகத்தேனையில் துணிக்கடை முஸ்லிம் அண்ணன், எங்களுக்கெல்லாம் நானா, ஒரு துண்டு பனியன் துணியை எடுத்துப் போட்டார்.

"இழுத்தா வரும், விட்டா போவும் தங்கச்சி. தைக்க ஏலுமா?"

"நீங்க வெட்டிக் குடுங்க நானா. தைக்கிறது என் பாடு."

பனியன் துணியை வெட்டினால் ஓரம் சுருண்டுகொள்ளும். ஈரக் கையால் தடவித் தடவிப் பாயில் படிய வைத்தேன். நன்றாக இழுபடுகிற பக்கம் உடம்பைச் சுற்றி வரவேண்டும். மாற்றி வெட்டினால் வயிறு வளர வளர இறுக்கும். நேர்த்தையல் போட்டால் தலையை நுழைக்கும்போதே நூல் அறும். அதனால் நூலைத் தளர விட்டுச் சாய்த்துச் சாய்த்துத் தைத்தேன். கழுத்து அகலம். கை தொளதொளவென்று முழங்கைக்கு மேலே. நீளம் முழங்காலுக்குக் கீழே ஒரு சாண்.

போட்டுப் பார்த்தேன். மேலே ஒன்றுமே தொடாத மாதிரி இருந்தது. வெகுநாளைக்குப் பிறகு நிமிர்ந்து மூச்சு விட்டேன்.

கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு உள்ளே வந்த மாமியார் அப்படியே நின்றார்.

"ஓ... தொரசாணி எப்ப வந்தீங்க? பங்களாவுல எடமில்லயா?"

"வேர்க்குரு தாங்க முடியல அத்தை. அதான்."

"நாங்கள்லாம் புள்ள பெக்கலயா? கொழுந்தன் நடமாடுற வீட்ல கெண்டக்காலக் காட்டிக்கிட்டு நிப்பியா நீ?"

என் வீட்டுக்காரர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, "அம்மா சொல்றத கேளேன்" என்று வெளியே போய்விட்டார். கடைசியில் மாமியார் ஒரு தீர்ப்புச் சொன்னார். "ஆம்பளைங்க மலைக்குப் போனப்புறம் போட்டுக்க. ஆனா கதவு சாத்தியிருக்கணும்."

மறுநாள் கதவைச் சாத்திவிட்டுக் கவுனைப் போட்டேன். அடுப்புச் சூடு, கூரைச் சூடு, இருட்டு. காற்றுக்கென்று தைத்த உடுப்பு ஊறிப்போய் முதுகோடு ஒட்டிக்கொண்டது. கதவைத் திறந்தால் சேலை கட்டவேண்டும். கவுனைப் போட்டால் கதவைச் சாத்தவேண்டும். சில நாள் அது, சில நாள் இது என்று மாற்றி மாற்றிப் பார்த்தேன். ஒருநாள் கவுனோடு கதவைக் கையகலம் திறந்து வைத்தேன். அடுத்த அறை காம்பராக்காரி பார்த்துவிட்டாள். அன்று சாயங்காலம் மாமியார் கூடையை இறக்கும் முன்பே ஆரம்பித்தார்.

"மலையே சிரிக்குது! என் மருமக கவுனு போட்டு வாசல்ல நிக்கிறாளாம்!"

"சிரிக்கிறவங்கள இந்தக் கதவைச் சாத்திக்கிட்டு ஒரு நாழி இருக்கச் சொல்லுங்க அத்தை."

அப்படிப் பேசியதற்கு இன்றும் நான் வருத்தப்படவில்லை. ஆனால் கவுனை மடித்துப் பெட்டியில் வைத்தேன். கதவாவது திறந்திருக்கட்டும் என்று சேலையைக் கட்டினேன்.

டவுன் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. அங்கே இரண்டு பக்கமும் பெரிய பெரிய ஜன்னல்கள். சிங்கள நர்சம்மா சேலை வேண்டாம், தளர்வாக ஏதாவது போடு என்றார். பெட்டியிலிருந்த கவுனை வீட்டுக்காரர் கொண்டுவந்து கொடுத்தார். அந்தக் கட்டிலில்தான் அதை நான் ஆசை தீரப் போட்டேன். காற்று கழுத்து வழியாக இறங்கி, கை வழியாக வெளியே போகும். வேர்க்குரு வாடத் தொடங்கியது.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் மாமியார் ஒரு சேலையோடு வந்தார்.

"இன்னும் ஒரு நாள் இருக்கட்டுமா?" என்று நர்சம்மாவிடம் கேட்டேன்.

அவர் சிரித்தார். "எல்லாம் அழுறது வீடு போக. நீ மட்டும் என்ன? கட்டில் இல்லை, போ போ."

திரைக்குப் பின்னால் சேலை கட்டிக்கொண்டு வந்தேன். கழற்றி வைத்த கவுனை மாமியார் இரண்டு விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மெத்துன்னு இருக்கே" என்றார். "பொறந்த புள்ளைக்குப் புதுத்துணி ஆகாது. இது தொவச்சுத் தொவச்சு நல்லாப் பதமாயிருச்சு. வேர்க்காது."

என்னைக் கேட்கவில்லை. கவுனை நாலாய் மடித்துப் பிள்ளையைச் சுற்றினார். வீட்டுக்குப் போன பிறகு வெட்டினால் இன்னும் ரெண்டு மூணு துணி தேறும் என்றார். பிள்ளை கையை விரித்துப் போட்டுத் தூங்கியது, நெற்றியில் ஒரு பொட்டு வேர்வை இல்லை. நான் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, அவர் பின்னால் பஸ்ஸுக்கு நடந்தேன்.