கேட்காத தண்ணீர்

மரலால் சந்தையில் ஊர்களுக்கு ஆளேற்ற நிற்கும் லேண்ட்ரோவர்களில் லெட்டிபிலாவின் வண்டிதான் கிழடு. கிழட்டு வண்டிக்கு மினுக்கு வேறு! அன்று காலை ரேடியேட்டருக்கென்று வைத்திருந்த தண்ணீரையும் ஊற்றி அதைக் குளிப்பாட்டிவிட்டுத்தான் கிளம்பினான்.

பாதி மேடு ஏறுவதற்குள் ரேடியேட்டர் வறண்டு ஆவி கக்கியது. பின்னால் இருந்த பெண்களின் மடியில் மஞ்சள் கேன்கள். ஊர்க் கிணறு வற்றியதால் சந்தையில் பிடித்து வந்த குடிதண்ணீர். கேட்டால் கொடுத்திருப்பார்கள். ஆனால் ஈட்டியேந்தித் திரிந்த வயதில், தன் இனத்து இளம் வீரர்களின் வழக்கப்படி, பெண்கள் கண்ணில் பட்ட இறைச்சியைக்கூடத் தொடாதவன் அவன். கேட்க நா எழவில்லை. இன்னும் கொஞ்ச தூரம்தானே என்று மிதித்தான். இஞ்சின் கிறீச்சிட்டு, இறுகி நின்றுவிட்டது.

சூடு ஆறும்வரை காத்திருந்து, இஞ்சினைப் பிரித்து, சிக்கிய பிஸ்டனைத் தட்டி வெளியே எடுத்தான். சிறுத்தை பிறாண்டியதுபோல் அதன் உடம்பெல்லாம் கோடு. மீதி மூன்று பிஸ்டனை வைத்து நொண்டி நொண்டி ஊர் சேரலாம். ஆனால் தண்ணீர்?

"எதனாலப்பா இப்படி ஆச்சு?" என்று கேட்டாள் பயணிகளில் மூத்தவளான நைசுலா.

"பழைய வண்டிம்மா. அதான்."

"காலையில நீ அதைக் குளிப்பாட்டினதைப் பார்த்துட்டுத்தான் நாங்க ஏறினோம்."

லெட்டிபிலா பிஸ்டனைத் துணியால் துடைக்கத் தொடங்கினான். அவள் தன் கேனைத் தூக்கிவந்து, ரேடியேட்டரில் கடைசிச் சொட்டுவரை கவிழ்த்தாள்.

"ஐயோ, வேணாம்மா! வீட்டுல பிள்ளைங்களுக்கு..."

"வெட்கமெல்லாம் உனக்குத்தானே? வண்டிக்கு என்ன? அது குடிக்கட்டும்."