வாத்தியங்களை ஒவ்வொன்றாக நிறுத்தினேன்

இரண்டாயிரத்து ஏழு, எட்டு வாக்கில், ஒரு ஆடி மாதம். மதுரைக்குப் பக்கத்தில் பரவையில் அம்மன் கோயில் திருவிழா. எங்கள் மெல்லிசைக் குழுவின் சாயங்காலக் கச்சேரி.

நான் கீபோர்டு வாசிப்பவன். என் பழைய கீபோர்டில் சத்தம் செத்துப்போய், கட்டைகள் மட்டும்தான் வேலை செய்தன. புதிதாக வாங்க வழியில்லை. அதனால் இன்டர்நெட்டில் இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள் வாத்தியங்களை பிரவுசிங் சென்டரில் இறக்கி, ஒரு பழைய லேப்டாப்பில் ஏற்றி வைத்திருந்தேன். கட்டையை நான் அழுத்துவேன். வயலினும் புல்லாங்குழலும் லேப்டாப்பிலிருந்து வரும். குழுவில் எல்லோரும் ‘ஓசி ஆர்க்கெஸ்ட்ரா’ என்று கேலி செய்வார்கள். எனக்கோ அதில் தலைகால் புரியாத பெருமை.

எங்கள் பாடகர் என்னைவிட மூத்தவர். அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். அவருக்குத் தொண்டையில் ஒரு கட்டி. அடுத்த வாரம் ஆபரேஷன். சின்னக் கட்டிதான், எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று அவரிடம் சொல்லியிருந்தார்கள். அன்று மேடைக்குப் பின்னால் அவர் மனைவி என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“தம்பி, கேன்சராம். குரல்வளையவே எடுத்துருவாகளாம். அவருக்குத் தெரியாது, சொல்லிப்புடாதீக. இன்னிக்குப் பாடுறத உங்க கம்ப்யூட்டர்ல பிடிச்சுக் குடுங்க.”

“சரி மதினி” என்றேன். வேறென்ன சொல்ல? மைக்கிலிருந்து ஒரு ஒயரை இழுத்து லேப்டாப்பில் செருகினேன்.

கடைசியாக ஒரு அம்மன் பாட்டை எடுத்தார். பல்லவி முடிந்து சரணத்துக்குள் போகும்போது லேப்டாப் கரகரக்க ஆரம்பித்தது. கிழட்டு மிஷின், பாவம். வாத்தியம் வாசித்துக்கொண்டே பாட்டையும் பதிவு செய்ய அதனால் முடியவில்லை. இரண்டில் ஒன்றை நிறுத்தாவிட்டால் மொத்தமும் நின்றுவிடும். பதிவை நிறுத்த ஒரு பட்டன் போதும்; கையும் அங்கேதான் போனது. நிமிர்ந்தால், கூட்டத்தின் ஓரத்தில் மதினி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறார்.

வயலினை நிறுத்தினேன். கரகரப்பு போகவில்லை. புல்லாங்குழலை நிறுத்தினேன். கடைசியில் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுக் கையை மடியில் வைத்து உட்கார்ந்துவிட்டேன். தபேலா மட்டும் துணைக்கு வர, அவர் பாடினார். கூட்டத்தில் சிலர் கேலியாக விசிலடித்தார்கள். விழாக் கமிட்டிக்காரர் ஒருவர் மேடையோரம் வந்து என்னைக் கண்டபடி திட்டினார். பாடிக்கொண்டே அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை.

மேடையை விட்டு இறங்கியதும் சொன்னார்: “இம்புட்டு வருசத்துல என்னைய யாரும் இப்படிப் பாதியில விட்டதில்ல தம்பி. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வாரேன். அடுத்த கச்சேரிக்கு வேற ஆளப் பாத்துக்கிறேன்.”

அவர் திட்டியதுகூடப் பெரிதில்லை. அடுத்த கச்சேரி என்றாரே, அதைத்தான் தாங்க முடியவில்லை. “சரிண்ணே” என்றேன். மதினி தலையைக் குனிந்துகொண்டார்.

ஆபரேஷன் முடிந்தது. குரல் போனது. கொஞ்ச நாள் கழித்து, பாட்டை சிடியில் போட்டு அவர் வீட்டுக்குக் கொண்டுபோனேன். கழுத்தில் கட்டோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். சிடியைப் போட்டேன். பல்லவி தாண்டிச் சரணம் வந்ததும் கரகரப்பு கேட்டது; வாத்தியங்கள் ஒவ்வொன்றாக அடங்க, அதுவும் போனது. அதற்குப் பிறகு அவர் மூச்சு வாங்குவதுகூடத் தெளிவாகக் கேட்டது. அன்று நான் ஏன் வாசிக்கவில்லை என்று அவருக்குப் புரிந்துவிட்டது. என் கையை எட்டிப் பிடித்துக்கொண்டார். பிறகு மனைவியைப் பார்த்தார். எங்கள் இருவருக்கும் அன்றே தெரியும் என்பதும் சேர்ந்தே புரிந்திருக்க வேண்டும். பாட்டு முடிவதற்குள் அணைக்கச் சொல்லிக் கையைக் காட்டினார்.

அதன்பிறகு ஒருநாளும் அவர் அதைக் கேட்கவில்லையாம். அவர் வெளியே போயிருக்கும்போது மட்டும் மதினி மெதுவாக வைத்துக் கேட்பாராம்.

நான் செய்தது அவருக்கு நல்லதா கெட்டதா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. ஆனால் யார் பாடினாலும், இதுவே இவருடைய கடைசிப் பாட்டாக இருந்தால் என்ற பயத்தில், என் விரல்கள் கொஞ்சம் தயங்கித்தான் கட்டைகளின் மேல் இறங்குகின்றன.