குத்தக் கற்றுத் தரப்படும்

மார்கழியில்கூட மின்விசிறியை நிறுத்தாத வீடு எங்களுடையது. அந்த வீட்டுக்கு, நான் ஐந்தாம் வகுப்பு முடித்த சித்திரை வெயிலில், அத்தை இரண்டு மூட்டை ஆட்டு ரோமத்தோடு வந்து இறங்கினாள். நெய்வேலியில் கம்பளியை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறாள் என்று பிளாக் முழுக்கச் சிரித்தது. அத்தை அப்பாவின் தங்கை. மாமா வடக்கே ஏதோ மலையில் அணைக்கட்டு வேலையில் இருந்தார். அங்கிருந்து லீவுக்கு வந்திருக்கிறாள் என்று எனக்குச் சொன்னார்கள். என் பள்ளிக்கூட லீவு முடிந்தது, அத்தையின் லீவு முடியவில்லை.

அந்த ரோமத்தை அவள் நூற்கவும் இல்லை, பின்னவும் இல்லை. ஒரு ஸ்பாஞ்ச் துண்டின் மேல் கைப்பிடி ரோமத்தை வைத்து ஊசியால் குத்துவாள். அவ்வளவுதான் வேலை. அந்த ஊசிக்குக் காது கிடையாது, முனையில் கண்ணுக்குத் தெரியாத முள் உண்டு. சரக், சரக் என்று குத்தக் குத்த, புசுபுசுவென்று கிடந்த ரோமம் தனக்குள்ளேயே சிக்கி இறுகி, குருவியாகவோ யானையாகவோ எழுந்து நிற்கும். மாமா இருந்த மலையூரில் ஒரு பயிற்சி நிலையத்தில் கற்றுக்கொண்டாளாம். பண்ருட்டிப் பலாப்பழம் ஒன்றைச் செய்தாள், பார்த்தவர்கள் எல்லாரும் முள்ளம்பன்றி அழகாக இருக்கிறது என்றார்கள். நான் கேட்டதற்காக மஞ்சள் ஹெல்மெட்டும் மீசையும் வைத்த ஒரு சுரங்கத் தொழிலாளியைச் செய்தாள். அது நன்றாக வந்துவிடவே அதே மாதிரி நிறையச் செய்ய ஆரம்பித்தாள். பின்னால் வந்த வினைக்கெல்லாம் அதுதான் காரணம்.

மாமா தினமும் போன் செய்தார். அத்தை எடுக்க மாட்டாள், அப்பாதான் எடுப்பார். ஒருநாள் சாப்பிட்டு எழுந்த கையோடு அப்பா சொன்னார்.

"கட்டிக் குடுத்தவ எத்தினி நாளைக்கு அண்ணன் வூட்ல குந்திகினு இருப்ப? ஞாயித்துக்கெழம அவுரு வராரு. கெளம்பிடு."

அத்தையிடம் பதில் தயாராக இருந்தது. டவுன்ஷிப் பெண்கள் மன்றம் வருஷா வருஷம் ஒரு நூல் வேலைக் கண்காட்சி நடத்தும். அந்த வருஷம் அது ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னாலேயே வந்தது. குரோஷா, எம்பிராய்டரி, ஒயர் கூடை, குறிஞ்சிப்பாடித் தறிப் புடவை எல்லாம் வரும். எந்த ஸ்டாலில் கற்றுக்கொள்ளப் பெண்கள் கூடுகிறார்களோ அந்த ஸ்டால்காரருக்கு மன்றத்திலேயே ஓர் அறை கொடுத்து வகுப்பு எடுக்கச் சொல்வார்கள்.

"அந்தக் கிளாஸ் மட்டும் கெடச்சிட்டா நான் என் சோத்தப் பாத்துக்குவேண்ணா. தனியா ரூம் எடுத்துகினு போயிடறேன். கெடைக்கலன்னா நீ சொல்ற மாதிரி அவரோட போறேன்" என்றாள்.

அப்பா சரி என்றார். கிடைக்காது என்ற நம்பிக்கையில் சொன்ன சரி அது. அம்மா வழக்கம்போலத் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கல்யாணத்துக்கு முன்னால் அம்மா குறிஞ்சிப்பாடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தவள். அப்பா வேண்டாம் என்றதும் விட்டுவிட்டாள். டீச்சர் வீட்டிலேயே இருப்பது எனக்கு வசதியாகத்தான் இருந்தது, அதனால் அதைப் பற்றி நான் யோசித்ததே இல்லை.

கண்காட்சியின் முதல் நாள் நல்ல கூட்டம். அத்தை எல்லார் முன்னாலும் உட்கார்ந்து ஒரு ஹெல்மெட்காரனின் வலது காலைக் குத்திக்கொண்டிருந்தாள். எதிர் பிளாக் அக்கா ஒருத்தி வெகுநேரம் நின்று பார்த்துவிட்டுப் போனாள். மறுநாள் காலை ஷிப்டில் அந்த அக்காவின் கணவர் மைன்ஸ் படியில் வழுக்கி விழுந்தார். சுளுக்கியது வலது கால்.

இடது காலாக இருந்திருக்கக் கூடாதா என்று எனக்கு இன்றும் ஆத்திரமாக வரும். அத்தை பொம்மையின் காலில் ஊசியை இறக்குகிற போட்டோ ஒன்றை யாரோ எடுத்திருந்தார்கள், அது பெண்களின் வாட்ஸப் குழுவில் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது. புருஷனை விட்டு வந்தவள், பொம்மையைக் குத்துகிறாள், அதுவும் ஹெல்மெட் போட்ட பொம்மை. செய்வினை என்று முடிவு கட்ட வேறென்ன வேண்டும்? எல்லார் வீட்டிலும் ஒரு ஹெல்மெட் மாட்டியிருந்தது. மத்தியானத்துக்குள் எங்கள் ஸ்டாலில் ஈ காக்கை இல்லை. பக்கத்து ஒயர் கூடைக்காரம்மா, நான் பார்க்காதபோதெல்லாம் தன் மேஜையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக்கொண்டே போனாள்.

மன்றத்துச் செயலாளர், ஓர் அதிகாரியின் மனைவி, நேரில் வந்தார்.

"எனக்கு இதுலெல்லாம் நம்பிக்கை கிடையாதும்மா. ஆனா எல்லார் வீட்லயும் ஷிப்டுக்குப் போறவங்க இருக்காங்க பாருங்க. செஞ்சு வெச்சதை வித்துக்குங்க, ஊசியை உள்ள வெச்சிடுங்க."

"குத்தாம எப்படிங்க மேடம் கத்துக் குடுக்கிறது?"

"கத்துக் குடுக்க வேணாம். குத்தித்தான் ஆவேன்னா சாயங்காலத்துக்குள்ள ஸ்டாலைக் காலி பண்ணிடுங்க."

நம்பிக்கை இல்லாதவர்கள் எல்லாரும் இப்படித்தான் பேசினார்கள். யாருக்கும் நம்பிக்கை இல்லை, ஆனால் எல்லாருக்கும் பயம் இருந்தது. அத்தை அழுவாள் என்று நினைத்தேன். அவள் என்னிடம் ஒரு சார்ட் பேப்பர் வாங்கி வரச் சொன்னாள். என் கையெழுத்து வகுப்பிலேயே அழகானது. அவள் சொல்லச் சொல்ல சிவப்பு ஸ்கெட்சில் எழுதினேன்: 'இங்கே குத்தக் கற்றுத் தரப்படும். யாரை வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளலாம்.' நாலு மூலையிலும் பூ போட்டு ஸ்டால் நெற்றியில் ஒட்டினோம். அத்தை ஸ்டூலை இன்னும் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, நடுவழியில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்து, குத்தத் தொடங்கினாள்.

ஷிப்டு முடிந்து அப்பா நேராக அங்கேதான் வந்தார். சீருடையைக்கூட மாற்றவில்லை. அட்டையைப் படித்தார், கையெழுத்தை அடையாளம் கண்டு என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"மூட்டையக் கட்டு" என்றார் அத்தையிடம்.

"கட்ட மாட்டேன்."

எங்கள் வீட்டில் அப்பாவிடம் 'மாட்டேன்' என்று ஒருவர் சொல்லி நான் கேட்டது அதுவே முதல் தடவை. வானம் இடியவில்லை. அப்பா குரலை உயர்த்தினார், தூரத்து ஸ்டால்களில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பினார்கள். அந்த நேரம் பார்த்து அத்தைக்குச் சாப்பாட்டுக் கேரியரோடு அம்மா வந்தாள். அட்டையைப் படித்தாள். கேரியரைக் கீழே வைத்தாள். காலையிலிருந்து யாருமே உட்காராத, கற்றுக்கொள்பவர்களுக்கான ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"எனக்கு ஒரு ஊசி குடு" என்றாள்.

அத்தை கொடுத்தாள். பாதியில் நின்றிருந்த ஒரு ஹெல்மெட்காரனை எடுத்து ஸ்பாஞ்சில் கிடத்தினாள் அம்மா. பிறகு, நான் அதுவரை கேட்டிராத ஒரு டீச்சர் குரலில், பந்தல் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்:

"எல்லாரும் நல்லாப் பாத்துக்குங்க. இது எங்க வூட்டுக்காரரு. தோ, மைன்ஸ்லேர்ந்து வந்து நிக்கிறாரு. வலது கால்ல குத்தறேன்."

குத்தினாள். பந்தலே அப்பாவின் வலது காலைப் பார்த்தது.

"ஏதாச்சும் ஆச்சாங்க?"

அப்பா பல்லைக் கடித்தார். "என்ன கூத்து இது?"

"ஆச்சா, ஆவலையா?"

"ஒண்ணும் ஆவல" என்றார் தரையைப் பார்த்து.

"இடது கால். இப்ப? கை. இப்ப?"

கூட்டம் நெருங்கி வந்தது. ஒயர் கூடைக்காரம்மா முன்வரிசைக்கே வந்துவிட்டாள். அம்மா தலைக்கு வந்தபோது யாரோ களுக்கென்று சிரிக்க, அது எல்லாரையும் பிடித்துக்கொண்டது. அப்பா நினைத்திருந்தால் ஒரே ஒரு தடவை 'ஆ' என்றிருக்கலாம். அதோடு அத்தையின் கதை முடிந்திருக்கும், ஞாயிற்றுக்கிழமை மாமாவோடு ரயில் ஏறியிருப்பாள். அவர் சொல்லவில்லை. நெற்றியில் உட்கார்ந்த ஈயைக்கூட விரட்டாமல் நின்றார், கையை அசைத்தால் அதற்கும் ஓர் அர்த்தம் சொல்வார்களே என்று. எங்கள் அப்பாமேல் எனக்கு எத்தனையோ மனத்தாங்கல் உண்டு, ஆனால் அன்றைக்கு அவர் நின்ற நிலைக்காக அவரை எனக்குப் பிடிக்கும்.

எதிர் பிளாக் அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். சிரித்தவர்கள் எல்லாரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள்.

"அந்தப் படி மழ பேஞ்சாலும் வழுக்கும், பேயலன்னாலும் வழுக்கும்" என்றாள். "எனக்கும் ஒரு ஊசி குடுங்க. எங்க வூட்டுக்காரருக்கு இன்னொரு கால் பாக்கி இருக்குது."

அப்புறம் ஸ்டூல் போதவில்லை. மாமியார், நாத்தனார், மானேஜர் என்று ஆளுக்கொருவரை நினைத்துக்கொண்டு குத்தினார்கள். "யாருன்னு சொல்ல வேணாங்க, ஊசிய நேரா எறக்கி நேரா எடுங்க, சாய்ச்சா ஒடிஞ்சிடும்" என்று அத்தை ஒவ்வொருவர் பின்னாலும் நின்று சொல்லிக்கொண்டே போனாள். கடைசியில் செயலாளர் மேடமும் உட்கார்ந்தார். யாரை நினைத்தாரோ, வெகு உற்சாகமாகக் குத்தினார். எழுந்திருக்கும்போது, வகுப்புக்கு எந்தக் கிழமை வசதிப்படும் என்று அத்தையிடம் கேட்டார்.

அப்பா வெளியே போய் போனை எடுத்தார். "இப்ப வர வேணாம் மாப்ள. இங்க அவளுக்குக் கிளாஸ் ஆரம்பிச்சிருக்குது" என்றது எனக்குக் கேட்டது. அத்தைக்கும் கேட்டது. அவள் சட்டென்று குனிந்து, தரையில் சிந்தியே இராத ரோமத்தைப் பொறுக்குகிறவள்போல முகத்தை மறைத்துக்கொண்டாள்.

கூட்டம் கலைந்து விளக்குகளை அணைக்கத் தொடங்கினார்கள். அம்மா மட்டும் இன்னும் குத்திக்கொண்டிருந்தாள். பொம்மை பாதியாகச் சுருங்கிவிட்டது. மீசை உள்ளே போய்விட்டது, ஹெல்மெட்டும் தலையும் ஒன்றாகிவிட்டன.

"போதும் அண்ணி, நல்லா இறுகிடுச்சி. இதுக்கு மேல குத்துனா ஊசி ஒடிஞ்சிடும்" என்றாள் அத்தை.

"ஒடியட்டும்" என்றாள் அம்மா.

வீட்டுக்குப் போகும்போது வண்டியில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தேன். அத்தையைக் காப்பாற்ற அம்மா என்னமாய் நடித்தாள் என்று எனக்கு ஒரே பெருமை. என் தோளைப் பிடித்திருந்த அவள் கையைத் தெரு விளக்கில் பார்த்தேன். விரல் நுனியெல்லாம் ஊசி இறங்கிய பொட்டுகள், ஒன்றிரண்டில் ரத்தம் காய்ந்திருந்தது.

"வலிக்கலையாம்மா?" என்றேன்.

"இல்லியே" என்றாள். அவ்வளவு சந்தோஷமாக அவள் எதையும் சொல்லி நான் கேட்டதில்லை.

அது வலிக்காத ஊசி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.